கல்கத்தாவில் புள்ளியியல் ஆராய்ச்சிக் கல்வி வளர்ந்த வரலாறு

கல்கத்தா என்று நெடுநாள் வழங்கிய இம்மாநகர் 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று எழுதப்பட்டு வருகின்றது. நாம் சொல்லப் புகும் வரலாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்ததாகலின், பழைய பெயரையே இங்கு வழங்குவோம். இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு லேக் மார்க்கெட்டும் அதனைச் சூழ்ந்த தென்பகுதியும் சொந்த ஊர் போலப் பழகிவிட்டன. ஆனால் நகரின் வடபுறத்தே, பாரக்பூர் டிரங்க் ரோடில், பாராநகர் என்னுமிடத்தில் அமைந்துள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வாயிலைக் கடந்து உள்ளே சென்றவர்கள் நம்முள் மிகச் சிலரே. எண்களைக் கொண்டு உண்மையைத் தேடும் கலை இந்திய நாட்டில் உயர்ந்த ஆராய்ச்சிக் கல்வியாக உருவெடுத்ததில் தலையாய பங்கு அந்நிறுவனத்திற்கு உண்டு. அதன் வரலாற்றில் சென்னையிலிருந்து ரயிலேறி வந்த சில இளைஞர்களுக்கும் சிறப்பான இடம் உண்டு. நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவது பொருத்தமாகும் என்று கருதுகின்றோம்.

ஒரு சோறு பதமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் பழமொழி. அஃது உண்மையே. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் பானையின் நிலை விளங்கிவிடும். ஆனால் வங்காள மாகாணம் முழுவதிலும் எத்தனை ஏக்கரில் சணல் பயிராகியுள்ளது என்று அறிய விரும்பினால், இப்பழமொழி மட்டும் போதுமா? அங்கே பானைகள் பல, அடுப்புகளும் பல. ஆற்றோரத்து நிலம் ஒருவகை, மேட்டு நிலம் மற்றொரு வகை. எந்த வயல்களைப் பார்ப்பது? எத்தனை வயல்களைப் பார்த்தால் போதும்? பார்த்துச் சொன்ன கணக்கு உண்மையினின்று எவ்வளவு விலகியிருக்கக் கூடும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயலும் இயலே இக்காலப் புள்ளியியல் என்று சொல்லலாம்.

இவ்வியலை நம் நாட்டில் நிலைநாட்டியவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த இவர், பிரசிடென்சி கல்லூரியிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் பௌதிகம் பயின்றவர். 1915-ல் தாயகம் திரும்பும் வேளையில் உலகப் போரின் காரணமாகக் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைக்காலத்தில் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ‘பயோமெட்ரிகா’ என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையை அவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலேறிய இளைஞர், பயணத்தின்போதே அவற்றைப் படிக்கத் தொடங்கினார். பௌதிக ஆசிரியராகக் கல்கத்தாவில் பணியேற்ற பின்னும் அவருடைய நெஞ்சம் புள்ளியியலிலேயே தோய்ந்து நின்றது.

நாட்டின் துன்பங்களே அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாயின. 1922-ல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, பெரும் பொருட்செலவில் நீர்த் தேக்கங்கள் அமைப்பது பற்றி வல்லுநர் ஆலோசித்தனர். பல்லாண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்த மஹலனோபிஸ், அத்தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். எண்ணும் கணக்கும் ஏட்டோடு நில்லாமல், ஏழை மக்களின் குடிசை வரை செல்லும் என்பதற்கு இஃதொரு சான்று.

பிரசிடென்சி கல்லூரியின் பௌதிகப் பகுதியில் ஓர் அறையில் அவர் நடத்தி வந்த ஆய்வுக்கூடமே 1931-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக மலர்ந்தது. 1932 ஏப்ரலில் அது சங்கங்களின் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பெற்றது. நம் தமிழ்ச் சங்கங்களைப் போலவே அதுவும் ஆர்வலர் சிலர் கூடி நிறுவிய ஒரு சங்கமே. முதலாண்டில் அதன் மொத்தச் செலவு 238 ரூபாய்! 1933-ல் ‘சாங்க்யா’ என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையும் தொடங்கப்பெற்றது. எண் என்ற பொருளும், திட்டமான அறிவு என்ற பொருளும் அச்சொல்லில் ஒருங்கே அமைந்திருப்பது கருதியே அப்பெயரை இட்டனர்.

பட்டமில்லாப் படிப்பு

அக்காலத்தில் புள்ளியியலுக்கென்று இந்தியப் பல்கலைக்கழகம் எதிலும் முதுகலை வகுப்பு இல்லை. ஆகவே இத்துறையில் இறங்கிய இளைஞர் கணிதத்திலோ பௌதிகத்திலோ பட்டம் பெற்று, பின்னர்த் தாமே கற்றுத் தாமே ஆராய வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் பெயருக்குப் பின்னால் எழுத்து ஒன்றும் கூடாது. பெற்றோர் கேட்டால் என்ன மறுமொழி கூறுவது? இந்நிலையிலும் துணிந்து வந்தவர்களுள் ஒருவர் ராஜ் சந்திர போஸ். வடிவியலில் தேர்ந்த கல்லூரி ஆசிரியரான அவரை 1932-ல் மஹலனோபிஸ் அழைத்துக்கொண்டார்.

1937-38-ல் இங்கிலாந்தின் பேரறிஞர் ரொனால்டு ஃபிஷர் இந்நிறுவனத்திற்கு வருகை தந்தார். வேளாண்மைச் சோதனைகளை எவ்வாறு ஒழுங்கமைப்பது என்பது அவர் வளர்த்த துறை. அவர் எழுப்பிய வினாக்கள் போஸின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. அவற்றின் இயல்பை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். ஏழு வகை நெல்லை ஒப்பிட வேண்டும்; ஆனால் ஒரே தன்மையுள்ள நிலத்துண்டு ஒவ்வொன்றிலும் மூன்று வகைகளை விதைக்கத்தான் இடமுண்டு. எந்த வகைக்கும் ஓரவஞ்சனை செய்யாமல் எவ்வாறு விதைப்பது? ஏழு துண்டுகளை எடுத்துக்கொண்டு, முதல் துண்டில் 1, 2, 3 ஆகிய வகைகளையும், அடுத்தடுத்த துண்டுகளில் முறையே 1, 4, 5. 1, 6, 7. 2, 4, 6. 2, 5, 7. 3, 4, 7. 3, 5, 6 ஆகியவற்றையும் விதைத்தால், ஒவ்வொரு வகையும் மூன்று துண்டுகளில் இடம் பெறும். எந்த இரு வகைகளை எடுத்தாலும் அவை சரியாக ஒரு துண்டில் மட்டுமே சேர்ந்திருக்கும். நம் வீட்டுச் சிறுவர் சிறுமியர் பென்சிலும் தாளும் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம்.

இதில் வியப்பு என்னவெனில், ஏழு வகைகளை ஏழு புள்ளிகள் என்றும், ஏழு துண்டுகளை ஏழு கோடுகள் என்றும் கொண்டால், இஃது ஒரு வடிவியல் உருவமாகிவிடுகின்றது. வயலில் எழுந்த வினாவுக்கு வடிவியலில் விடை கிடைக்கும் என்பதை உணர்ந்த போஸ், இத்தகைய அமைப்புகளைக் கட்டும் பொதுவான முறைகளை 1939-ல் வெளியிட்டார். உலகெங்கும் அது புகழ் பெற்றது. 1959-ல் இவரும், ஷ்ரிகண்டே, பார்க்கர் என்னும் இருவரும் சேர்ந்து, ஆய்லர் என்னும் பெருங்கணித மேதை 18-ஆம் நூற்றாண்டில் கூறிச் சென்ற ஊகம் ஒன்றைத் தவறு என்று நிறுவினர். இத்தகையவருக்கும் ஆராய்ச்சிப் பட்டம் ஒன்று வேண்டும் என்ற நிலை வந்தபோது, வெளியான தம் கட்டுரைகளையே சமர்ப்பித்து 1947-ல்தான் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் டி.லிட். பட்டத்தைப் பெற்றார். படிப்பு முந்தியும் பட்டம் பிந்தியும் வந்த காலம் அது.

இதற்கிடையே 1937 முதல் சணல் சாகுபடியைப் பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பு நடந்து வந்தது. வயல்களைக் கணக்கெடுப்போர் பிழை செய்தால் அதனைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? ஒரே வட்டாரத்தில் ஒருவரையொருவர் அறியாத இரு குழுவினரைத் தனித்தனியே மாதிரி எடுக்கச் செய்து, இரு கணக்குகளையும் ஒப்பிடும் முறையை மஹலனோபிஸ் வகுத்தார். இரண்டும் பெரிதும் முரண்பட்டால், எங்கோ கோளாறு உண்டு என்பது வெளிப்படும். 1950-ல் தொடங்கப்பெற்ற தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கு இவ்வனுபவமே அடிப்படையாயிற்று.

ஒரு சாப்பாட்டு விடுதியில் நேர்ந்த திருப்பம்

1941-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலை வகுப்பைத் தொடங்கியது. இந்தியாவில் இதுவே முதன்முதல். அதன் முதல் மாணாக்கருள் ஒருவரே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சி. ஆர். ராவ்.

1920-ல், இன்று கர்நாடகத்தைச் சேர்ந்த ஹடகளியில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்த ராவ், ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் எம்.ஏ. தேறியவர். போர்க்காலத்து இராணுவ அளவைப் பிரிவில் கணிதருக்கான வேலை ஒன்றை நாடி 1940-ல் கல்கத்தா வந்தார். அவ்வேலை கிடைக்கவில்லை. ஆனால் தென்னிந்திய விடுதியொன்றில் தங்கியிருந்தபோது, பம்பாயிலிருந்து புள்ளியியல் பயிற்சிக்காக அனுப்பப்பட்டிருந்த ஓர் இளைஞரைச் சந்தித்தார். அவர் மூலமாகவே இப்படி ஒரு நிறுவனம் இருப்பது ராவுக்குத் தெரிய வந்தது. 1941 ஜனவரி முதல் நாள் அங்கே பயிற்சியில் சேர்ந்தார். அயலூரில் நம்மவர் நடத்தும் உணவு விடுதிகள் சோறும் குழம்பும் இடுவதோடு நில்லாமல், ஓர் அறிஞரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றிய செய்தி நம் போன்றோருக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

1943-ல் எம்.ஏ. தேறிய ராவ் அடுத்த ஆண்டே பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லலானார். ஒருநாள் வகுப்பில், மதிப்பீடுகளின் துல்லியத்தைப் பற்றி ஃபிஷர் கண்ட முடிவு ஒன்றை விளக்கினார். மாதிரியின் அளவு எல்லையின்றிப் பெருகும்போது பொருந்தும் முடிவு அது. பின்னாளில் பொருளியல் அறிஞராக விளங்கிய வி. எம். தண்டேகர் அவ்வகுப்பில் மாணாக்கர். சிறிய மாதிரிக்கும் இதனை நிறுவ முடியாதா என்று அவர் கேட்டார். அன்றிரவே ராவ் அதற்கு விடை கண்டார். 1945-ல் கல்கத்தாக் கணிதச் சங்கத்தின் இதழில் அது வெளியாயிற்று.

எத்துணைத் தேர்ந்த பொற்கொல்லராயினும் தம் தராசின் நுட்பத்திற்கு மேல் நிறுத்துச் சொல்ல இயலாது. அதுபோல, சராசரியில் சரியான விடை தரும் எந்த மதிப்பீட்டு முறையாயினும், அதன் சிதறல் ஒரு கீழெல்லைக்குக் குறையாது; அவ்வெல்லையைத் தீர்மானிப்பது கையிலுள்ள தரவில் அடங்கிய செய்தியின் அளவே. சுவீடன் நாட்டுக் கிராமரும் இதே முடிவைத் தனியே கண்டமையால், இது கிராமர்-ராவ் எல்லை என்று வழங்குகின்றது. அக்கட்டுரை எழுதிய காலத்தில் ராவுக்கு வயது இருபத்தைந்து நிரம்பவில்லை. டாக்டர் பட்டமும் இல்லை. கேம்பிரிட்ஜில் ஃபிஷரிடம் பயின்று அப்பட்டத்தை அவர் பெற்றது 1948-ல்தான். எழுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2023-ல், அக்கட்டுரையை முன்னிட்டே சர்வதேசப் புள்ளியியல் பரிசு அவருக்கு அளிக்கப்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், தம் 102-ஆம் வயதில் அவர் காலமானார்.

அந்த ஆண்டுகள் அமைதியான ஆண்டுகள் அல்ல என்பதையும் இங்கு மறத்தலாகாது. 1943-ல் வங்கப் பெரும் பஞ்சம் இந்நகரின் தெருக்களிலேயே மக்களை மடியச் செய்தது. பஞ்சத்திற்குப் பின் கிராமங்களில் குடும்பங்கள் எந்நிலையில் உள்ளன, நிலத்தை இழந்தோர் எத்துணைப் பேர் என்பதை இந்நிறுவனத்தார் மாதிரிக் கணக்கெடுப்பின் வாயிலாக ஆராய்ந்து வெளியிட்டனர். இம்மாணாக்கர் கற்ற கணிதம் எத்தகைய உலகின் நடுவே கற்கப்பட்டது என்பதை இதனால் உணரலாம்.

பாராநகரின் நால்வர்

நால்வர் என்றவுடன் நமக்குச் சமயக் குரவர் நால்வரே நினைவுக்கு வருவர். புள்ளியியல் நிறுவனத்திலும் ‘புகழ் பெற்ற நால்வர்’ என்று ஒரு தொடர் வழங்குகின்றது. 1956 முதல் 1963 வரை அங்கே ஆராய்ச்சி மாணாக்கராக விளங்கிய ரங்க ராவ், கே. ஆர். பார்த்தசாரதி, வி. எஸ். வரதராஜன், எஸ். ஆர். எஸ். வரதன் ஆகியோரே அவர்கள். இவர்களுள் பார்த்தசாரதி 1936-ல் சென்னையில் பிறந்து விவேகானந்தா கல்லூரியில் கணிதம் பயின்றவர். 1937-ல் பெங்களூரில் பிறந்த வரதராஜன் சென்னை மாநிலக் கல்லூரி மாணாக்கர். வரதனும் அக்கல்லூரியினரே, 1940-ல் சென்னையில் பிறந்து, புள்ளியியலில் ஆனர்ஸ் தேறி, 1959-ல் கல்கத்தா வந்தவர்.

இவர்களுடைய படிப்பு நடந்த முறையைப் பெற்றோரும் மாணாக்கரும் கருதிப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிப் பள்ளியின் தலைவராகச் சி. ஆர். ராவ் இருந்தார். ஆனால் இன்ன பொருளையே ஆராய வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. இளைஞர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவர்க்கொருவர் ஆசிரியராயினர். ருஷ்ய அறிஞர்கள் நிகழ்தகவில் கண்ட புதிய முடிவுகளை வரி வரியாகப் படித்து, கரும்பலகையின் முன் நின்று ஒருவர் விளக்க, மற்றையோர் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பர். வரதன் முதலில் ஆலைத் தொழிலுக்குப் பயன்படும் தரக் கட்டுப்பாட்டுத் துறையை எண்ணியே வந்தார். பார்த்தசாரதி முதலியோரின் கூட்டுறவே அவரை நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் திருப்பியது. நல்ல தோழமை பாடத்திட்டத்தினும் வலியது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1962-ல் இத்துறையின் தலையாய மேதையான ருஷ்யப் பேராசிரியர் கொல்மகொரோவ் கல்கத்தாவுக்கு வந்தார். வரதனுடைய ஆராய்ச்சியுரையைத் தேர்ந்து மதிப்பிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1963-ல் டாக்டர் பட்டம் பெற்ற வரதன் நியூயார்க் சென்று கூரண்ட் கழகத்தில் சேர்ந்தார். மிக அரிதாக நிகழும் நிகழ்ச்சிகள் எவ்வளவு அரிதானவை என்று அளந்து கூறும் பொதுக் கோட்பாட்டை அங்கே வளர்த்தார். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர் பலரும் ஒரே காலத்தில் நஷ்ட ஈடு கோருவது அரிது. ஆனால் நேர்ந்துவிட்டால் கம்பெனி மூழ்கும். அத்தகைய அபாயத்தின் அளவை அறிய உதவுவது இக்கோட்பாடு. இதன் பொருட்டு 2007-ல் நார்வே நாட்டின் ஆபெல் பரிசு வரதனுக்கு அளிக்கப்பெற்றது. கணிதத்தில் நோபெல் பரிசுக்கு நிகராகக் கருதப்படுவது அது.

வரதராஜனும் ரங்க ராவும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராயினர். பார்த்தசாரதி இங்கிலாந்திலும் பம்பாயிலும் பணியாற்றிய பின், 1976-ல் இந்நிறுவனத்தின் டில்லிக் கிளையில் சேர்ந்து, தாய்நாட்டிலேயே தங்கிப் பல மாணாக்கரை உருவாக்கினார். 2023 ஜூன் திங்களில் அவர் மறைந்தார். போஸ் 1949-ல் அமெரிக்கா சென்றார். ராவும் 1970-களின் இறுதியில் சென்றார். இத்துணை அறிஞர்கள் கடல் கடந்தது நாட்டுக்கு இழப்பே என்பாரும் உளர். கல்கத்தாவின் கல்வி உலகெங்கும் பரவியது என்பாரும் உளர். பிழைப்பின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்து வாழும் நாம், இவ்விரண்டில் ஒன்றை மட்டும் உண்மை என்று எளிதில் சொல்லிவிட இயலாது.

பட்டமும் பயனும்

1959-ல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு பார்லிமெண்டில் கொண்டுவந்த சட்டத்தால் இந்நிறுவனம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பெற்று, பட்டம் வழங்கும் உரிமையையும் பெற்றது. 1960 முதல் பி.ஸ்டாட்., எம்.ஸ்டாட். வகுப்புகள் நடைபெறலாயின. டாக்டர் பட்டத்திற்கான ஆராய்ச்சியும் முறையாக ஏற்பட்டது. முதற்கூறிய பட்டமில்லாக் காலம் அவ்வாறு முடிந்தது. இன்று டில்லி, பெங்களூர், தேஜ்பூர் ஆகிய இடங்களிலும் இதன் கிளைகள் உள்ளன. 2008-ல் சென்னையிலும் ஒன்று திறக்கப்பெற்றது. மஹலனோபிஸ் பிறந்த நாளான ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

அந்நாளில் இளைஞர்கள் கைப்பிடி சுழற்றும் கணக்கு எந்திரங்களில் விரல் நோவக் கணித்தனர். 1956-ல் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் இந்நிறுவனத்தில்தான் இயங்கத் தொடங்கியது. இக்காலத்திலோ பையிலுள்ள கைபேசியே அதனினும் பன்மடங்கு விரைந்து கணிக்கும். ஆயினும் 1936-ல் மஹலனோபிஸ் வகுத்த, இரு கூட்டங்களுக்கிடையே உள்ள தூரத்தைப் பல அளவுகளை ஒருங்கே கொண்டு அளக்கும் முறை, இன்றைய கம்ப்யூட்டர் ஆராய்ச்சியிலும் அவர் பெயராலேயே வழங்கி வருகின்றது. உயரமும் கையின் நீளமும் சேர்ந்தே வளர்வனவாதலின், அவற்றை இருமுறை எண்ணிவிடாமல் கணக்கிட வேண்டும் என்பது அதன் உட்கருத்து. அத்தகைய கருத்தை எந்திரம் தானே தந்துவிடாது. ஆண்டுக்கணக்கில் அமர்ந்து கற்கும் மனிதர்தாம் தர வேண்டும்.

நம் காலனிக் குடும்பங்களில் கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகள் பலர் உள்ளனர். கல்லூரிப் படிப்பு முடிந்ததும் உடனே உத்தியோகமா, மேலும் ஐந்தாறு ஆண்டு ஆராய்ச்சியா என்ற வினா எழும்போது வீட்டில் கவலை உண்டாவது இயல்பே. உதவித் தொகை சிறிது, காலம் நீண்டது, முடிவு உறுதியன்று. இவற்றை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் பட்டமே இல்லாத நாளில் போஸ் இருந்தார். வேலை கிடைக்காத ஊரில் ராவ் தங்கினார். எண்ணி வந்த துறையை விட்டு வரதன் வேறு துறைக்கு மாறினார். மூவர்க்கும் பக்கத்தில் அமர்ந்து கேள்வி கேட்கச் சிலர் இருந்தனர். ஆகவே பிள்ளைகள் இத்துறையை நாடும்போது, சம்பளம் என்ன என்று கேட்பதோடு, அங்கே உடன் பயில்வோர் யார், வழிகாட்டுவோர் யார் என்றும் விசாரித்தல் நலம்.

இவ்வாண்டும் தென்னாட்டிலிருந்து மாணாக்கர் பாராநகருக்கு வருவர். மொழி புதிது, உணவு புதிது, ஊர் புதிது. அவர்களை நம் விழாக்களுக்கு அழைப்பதும், பண்டிகை நாளில் ஒருவேளை உணவுக்கு வீட்டிற்கு வரச் சொல்வதும் நமக்குப் பெரிய காரியமல்ல. அன்றொரு நாள் தென்னிந்திய விடுதியொன்றில் நிகழ்ந்த பேச்சினால் விளைந்த பயனை எண்ணிப் பார்த்து, நம் சங்கத்தார் இதனை ஒரு கடமையாக மேற்கொள்ள வேண்டுமென்று விழைகின்றோம்.